பெரிய மிட்டாயைத் தேடும் கை

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. கடைசி அத்தியாயங்களுக்கு வாய்க்கும் விதி அதற்கும் வாய்த்திருக்கிறது: பல பள்ளிகளில் திருப்புதல் தேர்வு நெருங்கும்போதுதான் வேகவேகமாக நடத்தி முடிப்பார்கள். வீச்சு, திட்டவிலக்கம், மாறுபாட்டுக் கெழு என்று சூத்திரங்கள் கரும்பலகையில் ஏறும். சூத்திரம் தெரிந்தால் மதிப்பெண் நிச்சயம் என்று ஆசிரியர்கள் தைரியம் சொல்வார்கள். அது உண்மைதான். எண்களைக் கொடுத்தால் திட்டவிலக்கம் கண்டுபிடித்துவிடும் மாணவர்கள் நம்மிடம் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பயிற்சிக் கணக்குகளில் தரவு வானத்திலிருந்து விழுகிறது. பத்து மாணவர்களின் உயரம், ஒரு வாரத்தின் மழையளவு, ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல். யார் அளந்தார்கள், யாரை அளக்காமல் விட்டார்கள், திரும்ப அளந்தால் அதே எண் வருமா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. புள்ளியியலில் தவறுகள் பெரும்பாலும் நடப்பது அந்த இடத்தில். சூத்திரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி விளையாட்டு முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு மருந்து உண்டு. விலை மலிவு, சுவையானது, பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்: மிட்டாய்.

மிட்டாயை வைத்துப் புள்ளியியல் நடத்துவது அமெரிக்க வகுப்பறைகளில் நெடுங்காலப் பழக்கம். ஆளுக்கொரு பொட்டலம் வண்ண மிட்டாய். நிறவாரியாக எண்ணு, பட்டை வரைபடம் போடு, சாப்பிடு. நம் ஊரிலும் ஜெம்ஸ் மிட்டாயை வைத்து இதைச் செய்யும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனாலும் இது பாதிப் பாடம். எண்ணி, கட்டம் போட்டு, வண்ணம் தீட்டினால் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குப் போதும். பத்தாம் வகுப்புக்குப் போதாது. பக்கத்து மாணவியின் பொட்டலத்தைத் தன்னுடையதோடு ஒப்பிட்டு, ‘ஒரே கடை, ஒரே மிட்டாய், எனக்கு மட்டும் ஏன் சிவப்பு குறைவு?’ என்று ஒருவர் கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. அந்த நேரத்தில் மணி அடித்துவிடும் என்பது வேறு விஷயம்.

அந்தக் கேள்வியை எப்படிப் பிடித்துக்கொள்வது? ஒரு பெரிய ஜாடி நிறைய மிட்டாய். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியும். 40 பேர் வகுப்பு. ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு பத்து மிட்டாய் எடுக்க வேண்டும். கணக்குப்படி ஆளுக்கு இரண்டு சிவப்பு வர வேண்டும். சரியாக இரண்டு வரப்போவது ஏறக்குறைய 12 பேருக்குத்தான். நான்கு பேருக்குச் சிவப்பு ஒன்றுகூட வராது. ஓரிருவர் கையில் ஐந்துகூட இருக்கலாம். சிவப்பே வராத மாணவரிடம் ‘ஜாடியில் எவ்வளவு சிவப்பு இருக்கும்?’ என்று கேட்டால், ‘இல்லவே இல்லை’ என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. பத்து மிட்டாய் அவருக்குச் சொன்னது அவ்வளவுதான்.

இப்போது நான்கு நான்கு பேராகச் சேர்ந்து மிட்டாய்களை ஒன்றாகக் கொட்டச் சொல்லுங்கள். குழுவுக்கு 40 மிட்டாய். ‘இல்லவே இல்லை’ என்று சொன்ன குரல் மறைந்துபோகும். குழுக்களின் விகிதங்கள் ஐந்தில் ஒன்றை ஒட்டி நெருங்கி நிற்கும். சிதறல் ஏறக்குறைய பாதியாகக் குறையும். நான்கு மடங்கு மிட்டாய் எடுத்தும் சிதறல் பாதிதான் குறைகிறது என்பது கரும்பலகையில் சொன்னால் ஏறாது. கையில் இருந்த மிட்டாயைக் கொடுத்துவிட்டு அதைப் பார்த்தவர்களுக்கு ஏறும். ‘ஆயிரம் பேரிடம் கேட்டோம்’ என்று தேர்தல் நேரத்தில் வரும் கருத்துக் கணிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பேச இதைவிட நல்ல வாசல் கிடையாது.

எண்ணிக்கை கூடக்கூட என்ன தெரியவரும் என்பதற்கு எம் அண்ட் எம்ஸ் மிட்டாயின் கதை ஒன்று உண்டு. அந்த மிட்டாயில் எந்த நிறம் எத்தனை சதவீதம் என்பதை ஒரு காலத்தில் அதைத் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனமே வெளியிட்டு வந்தது. அமெரிக்கப் புள்ளியியல் வகுப்புகளில் அந்தச் சதவீதங்கள் கிட்டத்தட்ட வேதவாக்கு. 2017-ல் ரிக் விக்லின் என்ற புள்ளியியலாளர் 712 மிட்டாய்களை எண்ணிப் பார்த்தார். பழைய சதவீதங்களோடு அவை ஒத்துப்போகவில்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது: அமெரிக்காவில் அந்த மிட்டாய் இரண்டு ஆலைகளில் தயாராகிறது, ஒன்று டென்னசியின் கிளீவ்லாந்தில், மற்றொன்று நியூ ஜெர்சியில். இரண்டின் நிறக் கலவையும் வேறுவேறு. பச்சை நிறம் ஒன்றில் 19.8 சதவீதம், மற்றொன்றில் 12.5 சதவீதம்.

இதில் வகுப்பறைக்கு வேண்டிய கணக்கு ஒளிந்திருக்கிறது. 20 மிட்டாய் எடுத்தால் முதல் ஆலையின் பொட்டலத்தில் பச்சை நான்கு வரும். இரண்டாம் ஆலையின் பொட்டலத்தில் இரண்டோ மூன்றோ வரும். அந்த வித்தியாசம் சாதாரணக் குலுக்கலிலேயே வந்துவிடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 700 மிட்டாய் என்றால் 139-க்கும் 88-க்கும் உள்ள வித்தியாசம். இதைக் குலுக்கல் என்று தள்ள முடியாது. பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள் கோடிப் பேர். எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று மிட்டாய் சொல்லும் வரை எண்ணியவர் ஒருவர்.

இதுவரை சொன்னதெல்லாம் நியாயமாக எடுத்த கைப்பிடியைப் பற்றியது. நியாயமில்லாமல் எடுத்தால்?

ஆண்ட்ரூ கெல்மன், டெபோரா நோலன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2002-ல் புள்ளியியல் ஆசிரியர்களுக்காக ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். வகுப்பில் செய்து காட்டக்கூடிய வித்தைகளின் மூட்டை என்று அதன் பெயரிலேயே சொல்லியிருந்தார்கள். அதில் உள்ள மிட்டாய்ச் சோதனைதான் என் பார்வையில் இந்த வகைப் பாடங்களில் தலைசிறந்தது. அதை நம் பெட்டிக்கடைச் சரக்கை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு பையில் 100 மிட்டாய். அதில் 20 பெரிய கடலை உருண்டை, ஒவ்வொன்றும் 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 80-ம் ஆரஞ்சு மிட்டாய், ஒவ்வொன்றும் 5 கிராம். பையின் மொத்த எடை 800 கிராம். இது மாணவர்களுக்குத் தெரியாது. பையும் ஒரு சிறிய எலெக்ட்ரானிக் தராசும் இருவர் இருவராகக் கைமாறிப் போகும். ஒவ்வொரு இணையும் ‘பையில் உள்ளவற்றைப் பிரதிபலிக்கும்படி’ ஐந்து மிட்டாய் எடுத்து, நிறுத்து, எடையை 20-ஆல் பெருக்கி, மொத்த எடையின் மதிப்பீட்டை யாருக்கும் காட்டாமல் எழுதிவைக்க வேண்டும். எடுத்த மிட்டாயைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட வேண்டும். உண்மை எடைக்கு அருகில் வந்த இணைக்கு முழுப் பையும் பரிசு.

பரிசு இருப்பதால் எல்லோரும் கவனமாகத்தான் எடுப்பார்கள். இரண்டு பெரியது, மூன்று சிறியது என்று ‘நியாயமாக’ எடுத்தால் 55 கிராம், மதிப்பீடு 1,100. மூன்று பெரியது எடுத்தவர்களுக்கு 1,400. கடைசியில் எல்லா விடைகளையும் கரும்பலகையில் எழுதி, பையைத் தராசில் வைத்தால், ஏறக்குறைய மொத்த வகுப்பும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். எல்லோருமே கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள். ஒருவர் கூட்டி, ஒருவர் குறைத்து, சராசரியில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அங்கே நொறுங்கும். 20 இணைகளின் சராசரியை எடுத்தாலும் தப்பு அப்படியேதான் இருக்கும். 200 இணைகள் எடுத்தாலும் அப்படித்தான். ஜாடிச் சோதனையில் எண்ணிக்கை கூடியதும் தெளிவு வந்தது. இங்கே எண்ணிக்கை கூடக்கூட, தவறான விடையின் மீது நம்பிக்கைதான் கூடும்.

ஏன் இப்படி? பைக்குள் போகும் கைக்கு முதலில் தட்டுப்படுவது கடலை உருண்டைதான். கண்ணும் அதைத்தான் பார்க்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. உண்மையாகவே சீட்டுக் குலுக்கி ஐந்து மிட்டாய் எடுத்தால், மூன்றில் ஒரு தடவை ஐந்துமே சிறிய மிட்டாயாக வரும். அப்படி ஒரு கைப்பிடி வந்தால் எந்த மாணவரும் அதை ஏற்க மாட்டார். ‘இது பையைப் பிரதிபலிக்கவில்லையே’ என்று திரும்பப் போட்டுவிடுவார். பிரதிபலிக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே விடையைக் கெடுத்துவிடுகிறது. ஏமாற்ற நினைப்பவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தவறு செய்பவரைப் பிடிக்கப் புள்ளியியல்தான் இருக்கிறது.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று இந்த இடத்தில் யாராவது சொல்லக்கூடும். ஒரே அரிசி, ஒரே கொதி, கிளறிவிட்ட பானை என்றால் அந்தச் சொல் பொருந்தும். கடலை உருண்டையும் ஆரஞ்சு மிட்டாயும் கலந்த பைக்கு ஒரு மிட்டாய் பதமாகாது. நாடும் ஊரும் வயலும் பெரும்பாலும் அந்தப் பையைப் போன்றவை.

சாய்வைத் தவிர்க்க வழி மிட்டாய்களுக்கு 1 முதல் 100 வரை எண் ஒட்டி, சீட்டு எடுப்பது. எந்த மிட்டாய் வர வேண்டும் என்ற முடிவு கையிடமிருந்தும் கண்ணிடமிருந்தும் பறிக்கப்பட வேண்டும். உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடவோலை எடுக்க ஒரு சிறுவனை அழைத்தது இதை அறிந்துதான். அதைச் சொல்லும் கல்வெட்டைச் சமூக அறிவியல் வகுப்பில் ஜனநாயகத்துக்குச் சான்றாகப் படிக்கிறோம்; கணித வகுப்பில் அதற்கு இன்னும் பொருத்தமான இடம் காத்திருக்கிறது.

வயலுக்குப் போன தராசு

இதெல்லாம் வகுப்பறை வேடிக்கை என்று தோன்றலாம். டெல்டா மாவட்ட விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள், வேடிக்கையாகத் தோன்றாது.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு கிடைக்குமா கிடைக்காதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பயிர் அறுவடைப் பரிசோதனை. நெல்லுக்கு வருவாய்க் கிராமம் ஓர் அலகு. அந்தக் கிராமத்தில் சமவாய்ப்பு முறையில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது நான்கு பரிசோதனைகள் நடத்த வேண்டும். ஒவ்வொரு வயலிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் குறித்து, அதில் விளைந்ததை அறுத்து, அடித்து, நிறுக்கிறார்கள். கட்டம் 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 400 மடங்கு. ஆகவே கட்டத்தில் ஒரு கிலோ நெல் கூடினால் காகிதத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும். கிராமத்தின் சராசரி விளைச்சல், முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியிலிருந்து கணக்கிடும் வரம்பைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் இழப்பீடு. மதிப்பீடு மேலே சாய்ந்தால் விவசாயியின் கைக்கு வரும் தொகை கீழே சாயும்.

மிட்டாய்ப் பையில் நடந்தது வயலிலும் நடக்கும் என்பதை இந்தியப் புள்ளியியலாளர்கள் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார்கள். வங்காளத்தில் பயிர்க் கணிப்பு நடத்திய மகலனோபிஸ் சிறிய கட்டங்களை அறுக்கும் முறையைக் கையாண்டார். பி.வி. சுகாத்மே அதை மறுத்தார். கட்டம் சிறிதாகச் சிறிதாக, மதிப்பீடு உண்மையைவிட மேலே போகிறது என்று தன் கள ஆய்வுகளைக் காட்டி, 1946, 47-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். காரணம் எளிது. கட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பயிர் உள்ளே சேருமா வெளியே சேருமா என்ற சந்தேகம் வரும்போது, கதிர் முற்றி நிற்கும் பயிரை விட்டுவிட அறுப்பவருக்கு மனம் வருவதில்லை. உள்ளே சேர்த்துவிடுகிறார்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 5 மீட்டர் கட்டத்தில் நான்கு பக்கமும் 10 சென்டிமீட்டர் வெளியே தள்ளிப்போனால் பரப்பு 25-லிருந்து 27.04 சதுர மீட்டராகிறது: எட்டு சதவீதம் அதிகம். ஒரு மீட்டர் கட்டத்தில் அதே 10 சென்டிமீட்டர் தள்ளினால் 44 சதவீதம் அதிகம். ஏழாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய பெருக்கல் இது. இரண்டு புள்ளியியல் மேதைகள் மோதிக்கொண்ட விஷயத்தின் சாரம் இதற்குள் இருக்கிறது. நம் புத்தகம் திட்டவிலக்கத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரே ஒரு பக்கம் இதற்குக் கிடைத்திருந்தால், ‘எங்கள் ஊரில் எந்த வயலில் அறுத்தீர்கள், அந்த வயலை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை கிராமங்களில் இருந்திருக்கும். விவசாயிகள் அந்தக் கேள்வியை இப்போதும் கேட்கிறார்கள், கோபத்தோடு. கணக்கோடு கேட்டால் பதில் சொல்பவர் தப்பிக்க முடியாது.

கடையில் வாங்கும் பொட்டலத்திலும் புள்ளியியல் உண்டு. 50 கிராமும் அதற்குக் கீழும் உள்ள பொட்டலத்தில், அச்சிட்ட எடையைவிட 9 சதவீதம் வரை குறைந்தாலும் தனிப் பொட்டலத்தை வைத்துக் குற்றம் சொல்ல முடியாது என்கின்றன 2011-ன் பொட்டலப் பொருள் விதிகள். ஆனால், மாதிரியாக எடுத்த பொட்டலங்களின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. தனி ஒன்றுக்கு ஏற்ற இறக்கம் மன்னிக்கப்படும். சராசரிக்கு மன்னிப்பு இல்லை. பத்து மிட்டாய்ப் பொட்டலங்களை வகுப்பில் நிறுத்துப் பார்த்தால் சராசரிக்கும் சிதறலுக்கும் உள்ள உறவு, நுகர்வோர் உரிமை இரண்டும் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும்.

தடைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. சிலபஸை முடிக்கவே நேரம் போதவில்லை என்பது நியாயமான குறை. பிள்ளைகள் ஏற்கெனவே தின்னும் சர்க்கரை போதாதா என்ற கேள்வியும் நியாயம். பல கைகள் தொட்ட மிட்டாயைத் தின்னக் கொடுக்க வேண்டாம், பரிசுக்குத் தனியாக உறை பிரிக்காத கடலை மிட்டாய் வைக்கலாம். செலவு என்று பார்த்தால் ஒரு வகுப்புக்கு ஆகும் தொகை சுதந்திர தினக் கொடியேற்றத்தின் மிட்டாய்ச் செலவைத் தாண்டாது. அந்த மிட்டாயையே விநியோகிக்கும் முன் கால் மணி நேரம் கணித ஆசிரியரிடம் கொடுத்துவைக்கலாம்.

மிட்டாய்க்குப் பதிலாகப் புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ போதாதா என்றும் கேட்பார்கள். ஜாடிச் சோதனைக்குப் போதும். பைச் சோதனைக்கு மிட்டாயே வேண்டும். கூழாங்கல்லை ஜெயித்து வீட்டுக்குக் கொண்டுபோக யாருக்கும் ஆசை வராது. பரிசின் மீது ஆசையோடு, மிகக் கவனமாக எடுத்தும் தவறிப்போவதை மாணவர் பார்க்க வேண்டும். அக்கறை இல்லாமல் செய்து தவறினால், அக்கறை இல்லாததுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. கணிதத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே. வினாத்தாளில் வராததை நடத்த நம் ஆசிரியர்களுக்கு நேரமும் இல்லை, பெற்றோரிடம் மன்னிப்பும் இல்லை. எனவே மிட்டாய்த் திட்டம், பயிற்சி முகாம், கையேடு என்று எதையும் அறிவிக்க வேண்டாம். வினாத்தாளில் ஒரு கேள்வியை மாற்றினால் போதும். இப்படி:

‘ஒரு கிராமத்தில் நான்கு வயல்களில் 25 சதுர மீட்டர் கட்டங்களில் அறுத்த நெல்லின் எடை 12, 14, 9, 13 கிலோ. ஹெக்டேருக்குச் சராசரி விளைச்சல் என்ன? நான்கு வயல்களும் தார்ச்சாலையை ஒட்டியவை என்று பிறகு தெரியவந்தது. உங்கள் விடையை ஏற்பதற்கு முன் நீங்கள் கேட்க விரும்பும் இரண்டு கேள்விகளை எழுதுக.’

முதல் பகுதிக்கு இரண்டு மதிப்பெண்; அதன் விடை 4,800 கிலோ. இரண்டாம் பகுதிக்கு மூன்று மதிப்பெண். அதற்கு ஒரே விடைக் குறிப்பு அச்சடித்து எல்லா மையங்களுக்கும் அனுப்ப முடியாது. சாலையோர வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் முதலில் கிடைக்குமா என்று ஒரு மாணவர் கேட்டிருப்பார். வயல்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று இன்னொருவர் கேட்டிருப்பார். இரண்டுக்கும் மதிப்பெண் தர வேண்டும். ‘மேலும் பல வயல்களில் அறுக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதியவருக்கு, அந்த வயல்களும் சாலையோரம்தானே என்று யோசித்துப் பாதி மதிப்பெண் தர வேண்டும். திருத்தும் ஆசிரியர்களை ஒரு நாள் உட்காரவைத்து அந்த மிட்டாய்ப் பையை அவர்கள் கையில் முதலில் கொடுப்பதிலிருந்து கல்வித் துறை இதைத் தொடங்கலாம்.